திரு. வி. க.வும் முதுமையும்

முதுமை என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே நம்மவர் முகம் வாடுவதைப் பலகாலுங் கண்டிருக்கின்றோம். அம்பத்தூரையும் அதன் சூழலையும் உறைவிடமாகக் கொண்ட நம் சங்கத்தாருட் பெரும்பாலோர் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து, ஐம்பத்தெட்டிலாதல் அறுபதிலாதல் ஓய்வு பெறுபவர். ஓய்வு பெறும் நாளில் அவர்க்கு மாலையிட்டுப் பொன்னாடை போர்த்துகின்றோம். மறுநாள் தொட்டு அவரைத் திண்ணைக்கு உரியராக்கி விடுகின்றோம். இக்காலத்து வீடுகளிலே திண்ணையும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒரு நாற்காலியே அவர்க்கு எஞ்சுகின்றது. சென்ற திங்கள் நிகழ்ந்த கூட்டத்தில், முதியோர்க்குச் சங்கம் யாது செய்யலாம் என்னும் வினா எழுந்தது. உதவித்தொகை பற்றியும் கண் மருத்துவ முகாம் பற்றியும் பலர் நன்கு பேசினர். அவை வேண்டற்பாலனவே. ஆயினும், முதியோர் யாது செய்யலாம் என்று கேட்டார் ஒருவரும் இலர். அக்கேள்வி எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதனை உட்கொண்டே, தமிழ்த் தென்றல் திரு. வி. கலியாணசுந்தரனார் வரலாற்றை, அவர்தம் உடலும் வயதும் பணியும் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடந்தன என்னும் நோக்கிலே, ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அவர் நமக்கு அயலார் அல்லர். சென்னைக்கு மேற்றிசையிலே துள்ளம் என்றொரு சிற்றூர் உண்டு. இன்று தண்டலம் என வழங்குவது. அவ்வூரில் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் விருத்தாசல முதலியார்க்கும் சின்னம்மையார்க்கும் மகனாக அவர் தோன்றினார். முன்னோர் ஊர் திருவாரூர். அவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தும் தந்தையார் பெயரின் முதலெழுத்துமே திரு. வி. என நின்றன. திரு என்பது மரியாதை அடையென்று எண்ணும் மாணவர் எம் பள்ளியில் ஆண்டுதோறும் சிலர் இருக்கவே செய்கின்றனர். சென்னை மாநகராட்சியின் ஆறாம் மண்டலம் இன்று அவர் பெயரால் திரு. வி. க. நகர் எனப்படும், அதனை அடுத்த ஏழாம் மண்டலமே நம் அம்பத்தூர்.

முதுமையைக் கூற வந்த யாம் பிள்ளைப் பருவத்திலே தொடங்குதற்குக் காரணம் உண்டு. உடல் ஒத்துழையாமை முதுமையிலே வருவதென்பது பொது வழக்கு. திரு. வி. க.வுக்கோ அது பிள்ளைமையிலேயே வந்தது. இராயப்பேட்டையில் தொடக்கக் கல்வி பயின்றுகொண்டிருந்தபொழுது அவர் கையும் காலும் முடங்கின. உடன் பயின்றோர் மேல் வகுப்பு ஏறிச் செல்ல, அவர் வீட்டிலே கிடந்தார். பின்னர் நலம்பெற்று 1894-இல் வெஸ்லி பள்ளியிற் சேர்ந்தார். கிடந்த காலத்தை ஈடு செய்வார் போலப் படித்து, 1898-இல் நான்காம் படிவத்தில் முதல்வராய்த் தேறினார். கிடந்த உடலோடு வாழ்தல் எத்தகையது என்பதைப் பத்து வயது நிரம்புமுன்னரே அறிந்துகொண்ட ஒருவர், அறுபத்தைந்துக்கு மேல் அந்நிலை மீண்டும் வந்தபோது புதியதொன்றைக் கண்டு திகைத்தவர் போல நடந்திலர். இஃது எம் ஊகமே. எனினும் அவர் வரலாற்றை முழுதும் நோக்குவார்க்கு இவ்வூகம் தவறெனத் தோன்றாது.

அப்பள்ளியில் அவர்க்கு வாய்த்த ஆசிரியர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை. ஆசிரியர் பொருட்டு ஒரு வழக்கிலே சான்று கூறச் சென்றமையால், 1904-இல் எழுத வேண்டிய ஆறாம் படிவத் தேர்வை அவர் எழுதக் கூடவில்லை. அத்துடன் பள்ளிப் படிப்பு முற்றுப் பெற்றது. பட்டம் ஒன்றும் பெறாதவர் என்று அவரைக் கூறுவோர் இதனையும் உடன்கூறல் வேண்டும். கதிரைவேற் பிள்ளை 1907-இல் மறைந்தார். மறு ஆண்டே, தம் இருபத்தைந்தாம் வயதிலே, ஆசிரியர் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார் மாணவர். அவ்வாண்டுகளிலேயே பெரிய புராணத்துக்குக் குறிப்புரையும் வசனமும் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்பென்ஸர் கம்பெனியிலே சின்னாட் கணக்கராயிருந்தார். 1910 முதல் வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியர். 1916 முதல் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். 1917 டிசம்பரிலே அவ்வேலையையும் துறந்து தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். அப்பொழுது வயது முப்பத்து நான்கு.

ஆசிரியத் தொழிலில் உள்ள யாம் இவ்விடத்தே சற்று நிற்கின்றோம். முப்பத்து நான்கிலே நிலையான ஊதியத்தைத் துறப்பவன் தன் அறுபத்து நான்கையும் உடன் துறக்கின்றான். ஓய்வூதியம், சேமநிதி என்பவை எல்லாம் அன்றைக்கே கைவிட்டுப் போயின. டாக்டர் உ. வே. சாமிநாதையரை இவரோடு ஒப்புநோக்குக. 1855-இற் பிறந்த ஐயர், கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசாங்கக் கல்லூரிகளிலே பணிபுரிந்து, 1919-இல் முறையாக ஓய்வு பெற்றார். மகனாரும் மாணாக்கரும் சூழ இருந்தனர். எண்பத்தைந்தாம் வயதிலே, 1940-இல், தம் வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கி, 1942-இல் மறையும் வரை எழுதினார். அஃதும் பெருமுதுமையே. ஆனால் அதன் கீழே ஓர் அடித்தளம் இருந்தது. திரு. வி. க.வின் முதுமைக்கு அத்தகைய தளம் ஒன்றும் இல்லை.

இல்லறமும் அவ்வாறே ஆயிற்று. அவர் கமலாம்பிகை அம்மையாரை மணந்தது 1912-இல். வாழ்ந்த ஆண்டுகள் ஆறு. ஓர் ஆண் மகவும் ஒரு பெண் மகவும் பிறந்து சிறு பருவத்திலேயே இறந்தன. அம்மையார் காசநோய்வாய்ப்பட்டு 1918-இல் மறைந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 27-ஆம் நாளிலேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவராக, செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு முதலியோர் முயற்சியால் எழுந்த அச்சங்கத்திலே திரு. வி. க. துணைத்தலைவர்களுள் ஒருவர். இந்தியாவில் ஒழுங்குற அமைந்த முதல் தொழிற்சங்கம் அஃதென்பர். ஒரே ஆண்டில் ஒரு குடும்பம் அவரைவிட்டு நீங்கியது. மற்றொரு குடும்பம் அவர்க்கு வந்தது.

முப்பத்தைந்து வயதினராய ஆடவர் மறுமணஞ் செய்துகொள்ளல் அக்கால வழக்கிற்கு மாறன்று, வற்புறுத்துவோர்க்கும் குறைவிராது. அவர் செய்துகொண்டிலர். துறவு பூண்டதும் இல்லை. இல்வாழ்க்கையே அறமென்று பேசியும் எழுதியும் வந்தார். பெண்ணின் பெருமை என்னும் நூல் 1927-இல் வெளிவந்தது. அதற்கு வாழ்க்கைத் துணை என்று மற்றொரு பெயரும் இட்டார். மனைவியை இழந்து ஒன்பதாண்டு தனித்திருந்தவர் இட்ட பெயர் என்பதை நினைவிற் கொண்டு அந்நூலைப் படிப்பார்க்கு அதன் சொற்கள் வேறு வகையாக ஒலிக்கும். 1938-இல், ஐம்பதைக் கடந்த பின்னரும், காதலின் பொருட்டு அரியணையைத் துறந்த ஆங்கில மன்னர் எட்டாம் எட்வர்டின் செய்தியை வைத்து முடியா? காதலா? சீர்திருத்தமா? என்று ஒரு நூல் எழுதினார். தனிமை அவரைக் கசப்புடையராக்கவில்லை என்பதற்கு இந்நூற் பெயரே போதும். எம் நண்பர் சிலர், வயது முதிர்ந்தவர் காதலைப் பற்றி எழுதலாமோ என்பர். வயது முதிர்ந்தவரன்றி வேறு யாவர் அதனை அறிந்து எழுதுவார்?

இனி நடுவயதின் பணியைச் சுருங்கக் கூறுவாம். அதனைப் பலரும் அறிவர். தேசபக்தனுக்குப் பின் 1920-இல் நவசக்தி தொடங்கி, இருபதாண்டளவு அதனை நடத்தினார். அரசியற் சொற்களுக்கும் தொழிலாளர் இயக்கச் சொற்களுக்கும் நல்ல தமிழ் வழங்கலாம் என்பதை நாள்தோறும் எழுதிக் காட்டினார். 1921-இல் ஆலை வேலைநிறுத்தம் நீண்டபொழுது, கவர்னர் வில்லிங்டன் அவரை நாடு கடத்தக் கருதினார் என்பது வரலாறு. 1925-இல் காஞ்சிபுரத்துக் காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார், பெரியார் ஈ. வே. ரா. காங்கிரஸை விட்டு வெளியேறியது அம்மாநாட்டிலேதான். மேடையிலே எதிரெதிர் நின்ற பின்னரும் இருவர் நட்பும் குன்றவில்லை. முருகன் அல்லது அழகு வெளிவந்ததும் அவ்வாண்டே.

தொழிலாளர் பணியிலே ஒரு செய்தி மட்டும் எம் பொருளுக்கு இன்றியமையாதது. முதுமை எல்லார்க்கும் ஒரே வயதில் வருவதன்று. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நெசவாலைகளில் ஆடவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கலாம். 1922-இல் அது பதினொன்றாகவும், 1934-இல் பத்தாகவும், 1948-இல் ஒன்பதாகவும், கிழமைக்கு நாற்பத்தெட்டு மணியாகவும் குறைந்தது. பஞ்சுத் தூசியிலே பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்த ஒருவனுக்கு நாற்பதிலேயே நரையும் இருமலும் வந்துவிடும். ஐம்பதைக் காண்பதே அரிது. அவனை நோக்கி முதுமையிலே ஓய்வு கொள்க என்று கூறுதல் நகைப்புக்கு இடமாகும். ஜெர்மனியிலே பிஸ்மார்க்கு காலத்தில், 1889-இல், தொழிலாளர்க்கு முதுமைக் காப்புச் சட்டம் செய்தபோது அதற்குரிய வயது எழுபது என வகுத்தனர். எழுபதை எய்திய தொழிலாளர் எத்துணையர் இருந்திருப்பர்? உணவு இடைவேளையைச் சிறிது நீட்டல் வேண்டும் என்பது சென்னைத் தொழிலாளர் முதன்முதற் கேட்டவற்றுள் ஒன்று. சிறு விண்ணப்பமெனத் தோன்றும். நாளொன்றுக்குச் சில நிமிடங்களை ஒருவன் ஆயுளோடு கூட்டுகின்ற விண்ணப்பம் அது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே முப்பதாண்டு நின்று உழைத்தோர் நம்மிடையே பலர் உளர். அவர் முழங்காலைக் கேட்டால் இதன் உண்மை விளங்கும்.

நிற்க. திரு. வி. க.வுக்கு 1943-இல் அறுபது நிறைந்தது. மறு ஆண்டு வாழ்க்கைக் குறிப்புகளை வெளியிட்டார். தம் வரலாற்றை எழுதி முடித்தவர் இனிச் செய்வது ஒன்றுமில்லை என்றிருத்தல் இயல்பு. அவர்க்கோ அதன் பின்னர்க் காவலும் காத்திருந்தது. 1947-இலே, பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒட்டி, அறுபத்து மூன்று வயதினராய அவரை இராயப்பேட்டை வீட்டிலேயே சிறைப்படுத்திக் காவல் வைத்தனர். நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டிலே, விடுதலைக்கு உழைத்த ஒருவரை, அவருடன் உழைத்தோர் அமைத்த அரசாங்கமே வீட்டுக் காவலில் வைத்தது. இதற்கு அரசாங்கத்தார் கூறிய காரணம் யாதாயினும், அஃது எமக்கு உடன்பாடன்று. அவ்வாண்டிலும் சிவனருள் வேட்டல் என்னும் செய்யுணூல் வெளிவந்தது.

அதன்பின்னர்க் கண்ணொளி மங்கியது. மங்கிய ஒளி மீளவில்லை. வாழ்நாள் முழுவதும் அச்சுப் படிகளைத் திருத்தியும் ஏடுகளைப் படித்தும் கழித்தவர்க்கு இதனினும் கொடிய இழப்பு யாது? கால் இழந்த பேச்சாளன் பேசலாம். கண் இழந்த பத்திரிகையாசிரியன் யாது செய்வான்? ஈண்டேதான் அவர் வாழ்வில் எம்மைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தும் பகுதி தொடங்குகின்றது. அவர் வாயாற் சொல்ல, உடனிருந்தோர் எழுதினர். 1950-இல் இருளில் ஒளி, இருமையும் ஒருமையும். 1951-இல் அருகன் அருகே, பொருளும் அருளும், சித்தந் திருத்தல், முதுமை உளறல். 1953-இல் படுக்கைப் பிதற்றல் என்று மறுபெயர் பெற்ற வளர்ச்சியும் வாழ்வும். அறுபத்தேழுக்கும் எழுபதுக்கும் இடையில், காணாக் கண்ணோடு, இத்துணை நூல்கள். ஒரே ஆண்டில் நான்கு நூல்கள், நவசக்தியை நடத்திய நல்லுடலிலும் அவர் இயற்றியதில்லை.

இவையனைத்தும் செய்யுள் என்பதை அன்பர்கள் நோக்குதல் வேண்டும். அவர் புகழ் உரைநடையால் வந்தது. செய்யுள் இயற்றலை 1931-இல் உரிமை வேட்கையோடு வெளிப்படத் தொடங்கி, சிறிது சிறிதாக மிகுத்து வந்தார். கண் ஒளி குன்றிய பின்னர்ச் செய்யுளே பெரும்பணியாயிற்று. இதன் காரணத்தை எம் வகுப்பறையிலே யாம் ஒருமுறை சோதித்துப் பார்த்தோம். மாணவரைக் கண்மூடி இருக்கச் செய்து, ஒரு பத்தி உரைநடையை மனத்திலேயே அமைக்கும்படி கூறினோம். நான்காம் வாக்கியம் அமைக்குமுன் முதல் வாக்கியம் மறைந்தது. பின்னர், யாப்பறிந்த சிலரை ஒரு குறள் வெண்பா அமைக்கச் சொன்னோம். பிழைகள் மலிந்தன, ஆயினும் அமைத்ததை ஒருவரும் மறந்திலர். எதுகையும் மோனையும் சீரும் தளையும் அணிகள் மட்டும் அல்ல; இருளிலே நடப்பானுக்குச் சுவர் போல்வன. சொல் எங்கே நின்றது என்று கையால் தடவி அறியலாம். ஏடில்லாக் காலத்துப் புலவர் அறிந்த இவ்வுண்மையை, அச்சுக்கூடத்திலேயே வாழ்ந்த திரு. வி. க. தம் முதுமையில் மீண்டும் கண்டார். பிறவியிலேயே கண்ணிழந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் நம் தொண்டை நாட்டினரே. ஆங்கிலப் புலவர் மில்டன் 1652-இற் பார்வை முற்றும் இழந்து, பிறர் எழுதத் தாம் சொல்லி, 1667-இல் தம் பெருங்காப்பியத்தை வெளியிட்டார். திரு. வி. க. அவ்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர்.

அம்முதுமைச் செய்யுட்கள் அவர் உரைநடைக்கு நிகரா என்று எம்மை வினவின், அல்ல என்றே விடை கூறுவோம். முருகன் அல்லது அழகில் உள்ள ஓட்டமும் மலர்ச்சியும் அவற்றில் இல்லை. கருத்து முன்னின்று ஓசையை இழுத்துச் செல்லும் இடங்கள் பல. அன்பு மிகுதியாற் சிலர் அவற்றையும் மேலாகப் புகழ்வர். அப்புகழ் அவர்க்கு வேண்டுவதன்று. தம் நூல்களுக்கு உளறல் என்றும் பிதற்றல் என்றும் தாமே பெயரிட்டவர் அவர். பிறர் பின்னாற் சொல்லக் கூடியதை முன்னரே தாம் சொல்லி, அதன்பின் கூற விரும்பியதைக் கூறியே தீர்ந்தார். அப்பெயர்களில் பணிவும் உண்டு, குறும்பும் உண்டு. கருத்தோ உளறல் அன்று. மார்க்ஸியமும் காந்தியமும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதைப் பொருளும் அருளும் என்னும் நூலில் ஆராய்கின்றார். அறுபத்தெட்டு வயதிலே, தம் இளமைக் கொள்கையை மீண்டும் எடுத்து ஆராயும் துணிவு நம்மில் எத்துணைப் பேர்க்கு உண்டு? முதியோர் பழையதையே பற்றி நிற்பர் என்னும் பேச்சு, நாம் அவர்களிடம் பழையதையே கேட்பதால் எழுந்ததோ என ஐயுறுகின்றோம்.

சொல்பவர் ஒருவராயினும், எழுதுபவரும் படித்துக் காட்டுபவரும் வேண்டும். மகவில்லாதவர்க்கு அவர்கள் யாண்டிருந்து வந்தனர்? தமையனார் உலகநாத முதலியார் பன்னாள் அவர்க்கு உறுதுணையாயிருந்தவர். தொழிலாளர் வந்து போயினர். கல்லூரியிலே தமிழ் கற்பித்த இளைஞர் வந்தனர், டாக்டர் மு. வரதராசனார் அவருள் ஒருவர், தந்தைபாற் கொள்ளும் அன்பினை அவர்பாற் கொண்டவர். இவருட் பெரும்பாலோர்க்கும் அவர்க்கும் குருதித் தொடர்பு இல்லை. ஊரும் குலமும் வேறு. குலத்தின் பேரால் அமைந்த சங்கத்து வெளியீட்டிலே இதனை எழுதுகின்றோம் என்பதை யாம் மறந்திலோம். எனினும் உண்மை அதுவே. அவர்க்கு வந்தவர்கள் உதவ மட்டும் வரவில்லை, பெறவும் வந்தனர். காணாத முதியவர் கையிலே கொடுப்பதற்கு ஒன்று இருந்தமையால் வாயிற்கதவு மூடியதில்லை. நம் சங்கத்திலே கண் மங்கிய முதியோர் பதின்மரேனும் உளர். ஆலையின் பழைய இயந்திரங்களையும், அம்பத்தூர் ஏரி நிரம்பியிருந்த காலத்து வயல்களையும், மறைந்த கூத்துப் பாட்டுக்களையும் அறிந்தவர் அவர்கள். எம் பள்ளி மேல் வகுப்பு மாணவர் சனிக்கிழமைதோறும் ஓர் ஏட்டுடன் அவரிடம் செல்ல இசைந்துள்ளனர். சங்கத்தார் வேண்டுவது இரண்டு நாற்காலியும் ஒரு விளக்குமே.

தொழிலாளர்க்குச் சேமநிதி தரும் சட்டம் 1952-இல் நிறைவேறியது. அதன் பயன் அவர்க்குரியதன்று. அவர் எவ்வாலையிலும் கூலி பெற்றவர் அல்லர். 1953-இல் தமிழ்க்கலை என்னும் உரைநடைத் தொகுதியும் படுக்கைப் பிதற்றலும் வெளிவந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் எழுபது நிறைந்தது. செப்டம்பர் 17-ஆம் நாள் அவர் மறைந்தார்.